புது றேசரும் கழுத்தில் விழுந்த மூன்று வெட்டும்

காரைதீவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுவிஸிலிருந்து வந்த அத்தான் அவருக்கு மூலே கம்பனியின் ஆர் 89 றேசர் ஒன்று கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கமும் கூருள்ள ஒற்றை பிளேட்டைப் போட்டுத் திருகி முகம் வழிக்கிற, எங்கள் அப்பாமார் வைத்திருந்த அதே வகை. ஞாயிறு காலை ஆசையாக எடுத்து வழித்திருக்கிறார். கழுத்தில் மூன்று இடத்தில் வெட்டு. லோஷன் பூசியதும் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டதாம். இந்தச் சாமான் தனக்குச் சரிவராதா, பிளேட்டை மாற்றிப் பார்ப்பதா, பேசாமல் பழைய பிளாஸ்டிக் றேசருக்கே திரும்புவதா என்று கேட்கிறார். கிணற்றுத் தண்ணீரில் நுரை நிற்பதில்லை என்பது இரண்டாவது முறைப்பாடு. செவ்வாய், வெள்ளியில் முகம் வழிக்க அம்மா விடமாட்டார் என்பது மூன்றாவது.

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. திரும்பிப் போகாதீர்கள். றேசர் நல்ல றேசர், உங்கள் தோலும் மற்றவர்களின் தோல் மாதிரித்தான். கைதான் இன்னும் பழைய றேசரின் பழக்கத்தில் இருக்கிறது. மூன்று, நான்கு வாரம் பொறுத்தால் அது மாறிவிடும். ஆனால் அந்த நாலு வாரமும் ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். பிளேட்டை மாற்றினால் கிறீமை மாற்ற வேண்டாம், கிறீமை மாற்றினால் பிளேட்டைத் தொட வேண்டாம். புது றேசர் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் ஒரே கிழமையில் எல்லாவற்றையும் மாற்றிப்போட்டு, எது கடித்தது என்று தெரியாமல் அலுமாரியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவன். இந்த வகை றேசரால் இருபது வருடத்துக்கு மேலாக முகம் வழிக்கிறேன். இரும்பு வெட்டுகிறவனுக்கு முடி வெட்டுவதும் கிட்டத்தட்ட அதே கணக்கு என்பதால் கொஞ்சம் பட்டறைப் பாஷையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேத்தில் வெட்டும் டூலை அதன் பிடியிலிருந்து நீளமாக வெளியே நீட்டிக் கட்டினால் அது துடிக்கும். வேலைப்பொருளில் அலை அலையாகத் தழும்பு விழும். நுனிக்குக் கிட்டவாக இறுக்கினால் அதே டூல் வெண்ணெய் மாதிரி வெட்டும். உங்கள் றேசரின் தலையைக் கழற்றிப் பாருங்கள். மேல் தொப்பி, நடுவில் பிளேட், கீழே அடித்தட்டு. தொப்பியின் உட்பக்கம் வளைவாக இருக்கும். கைப்பிடியைத் திருகும்போது 0.1 மில்லிமீற்றர் மொத்தமுள்ள அந்த மெல்லிய தகடு வளைந்து, கூருக்கு மிக அருகில் இறுகப் பிடிபடுகிறது. வளைந்த தகடு விறைப்பாகிவிடும். ஒரு தாளை நட்டமாகப் பிடித்தால் மடிந்து விழும், இலேசாக வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா, அதேதான். கண்டுபிடிப்பின் முழுக் கெட்டிக்காரத்தனமும் அந்த வளைவில் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் விற்பனைப் பிரதிநிதி, எந்திரம் தெரிந்தவர் அல்லர். மெல்லிய உருக்குத் தகட்டை இவ்வளவு கூராக்க முடியாது என்று அந்தக் காலத்து உலோகம் தெரிந்தவர்கள் அவருக்குக் கையை விரித்துவிட்டார்கள். அதைச் செய்துகாட்டியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தவர். 1901இல் கம்பனி தொடங்கியது. 1903இல் விற்றவை 51 றேசர், 168 பிளேட். அடுத்த வருடம் தொண்ணூறாயிரத்துக்கு மேல் றேசர்கள் விற்றன, 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. பெயர் எடுத்தவர் ஜில்லெட், ஆனால் பட்டறைக்காரன் என்ற முறையில் என் ஓட்டு நிக்கர்சனுக்குத்தான்.

சரி, உங்கள் கழுத்துக்கு வருவோம்.

பிளாஸ்டிக் றேசரிலும், மூன்று நான்கு பிளேட் அடுக்கிய காட்ரிட்ஜிலும் கோணத்தை ஃபக்டரியே பூட்டி அனுப்பிவிடுகிறது. தலை ஆடும் காட்ரிட்ஜ் என்றால் நீங்கள் எப்படிப் பிடித்தாலும் அது முகத்தோடு சாய்ந்துகொள்ளும். நீங்கள் செய்வதெல்லாம் அமத்துவதுதான். கூர் போன பிறகும் காசைப் பார்த்து இன்னும் நாலு நாள் இழுப்போம், அப்போது இன்னும் அமத்துவோம். இப்படிப் பல வருடம் பழகிய கை, புது றேசரையும் அமத்துகிறது. இந்தத் தலைக்குக் கழுத்து ஆட்டம் கிடையாது. அமத்தினால் பிளேட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் தோல் பிதுங்கி ஏறும், பிளேட் அதைச் சீவும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

அமத்தாமல் இருப்பது என்று சொல்லிவிடலாம், செய்வது கஷ்டம். நான் சொல்லிக் கொடுக்கிற வழி இது: கைப்பிடியை அடி நுனியில், விரல் நுனிகளால் மட்டும் பிடியுங்கள். சாந்தகப்பை மாதிரி முழுக்கையால் பிடிக்காதீர்கள். உலோக றேசருக்குச் சொந்தப் பாரம் இருக்கிறது, வெட்ட அந்தப் பாரமே போதும். முகத்தில் நடக்க விடுங்கள், தள்ளாதீர்கள். நனைந்த கைக்கு வழுக்கினால் கைப்பிடியை மட்டும் துவாயில் துடைத்துக்கொள்ளுங்கள்.

கோணம் 30 பாகை என்று எல்லோரும் சொல்வார்கள். காலை 6 மணிக்கு கண்ணாடிக்கு முன்னால் யார் பாகைமானி பிடிப்பது? தொப்பியின் உச்சியைக் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் கூர் தோலில் படாது. இப்போது மெதுவாகக் கீழ்ப்பக்கம் இழுத்தபடி கைப்பிடியைத் தாழ்த்துங்கள். ஓர் இடத்தில் முடி வெட்டுப்படுகிற சத்தம் கேட்கத் தொடங்கும், சருசருவென்று. அங்கே நிறுத்துங்கள், அதுதான் உங்கள் கோணம். அதற்கு மேலும் தாழ்த்தினால் பிளேட் சுரண்டும், சத்தமும் மாறிவிடும். வானொலியை நிறுத்திவிட்டு வழித்தால் காதே சொல்லித் தரும். கன்னத்திலிருந்து தாடைக்குத் திரும்பும்போது முகம் வளைகிறது, ஆகவே கையும் வளைய வேண்டும். ஒரு இழுவை ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, இதை மறந்தால் ஆபத்து: பிளேட்டை ஒருபோதும் பக்கவாட்டாக நகர்த்தாதீர்கள். மாம்பழம் வெட்டுகிற கத்தி அப்படித்தான் வெட்டுகிறது.

கழுத்து தனி நாடு. கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கிப் படுத்திருக்கும். கழுத்தில் சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டாக, சிலருக்குக் காதுக்குக் கீழே சுழியே இருக்கும். இரண்டு நாள் வழிக்காமல் விட்டு, விரலால் எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகப் போகிற பக்கம் வாட்டம், முள்ளாகக் குத்துகிற பக்கம் எதிர். ஒரு தாளில் முகத்தைக் கீறி அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டினாலும் வெட்கம் இல்லை, நான் செய்திருக்கிறேன். மனைவி சிரித்தார், ஒட்டியது ஒட்டியபடியே ஒரு மாதம் இருந்தது.

முதல் கிழமை கழுத்தைப் புது றேசரால் தொடவே வேண்டாம் என்பது என் யோசனை. கன்னம் இரண்டையும் புதியதால், கழுத்தையும் நாடியையும் பழையதால் வழியுங்கள். பார்க்க விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் கை தட்டையான இடத்தில் பழகிவிட்டுப் பள்ளமான இடத்துக்குப் போகும். இரண்டாம் கிழமை கழுத்து, வாட்டத்தோடு ஒரே ஒரு முறை. மூன்றாம் கிழமை நாடியும் மேலுதடும். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லுக்கு மேலாகக் கீழே இழுத்துத் தோலை இறுக்குங்கள். குரல்வளை மேட்டுக்குத் தோலை ஒரு பக்கமாக நகர்த்தி, மேடு இல்லாத இடத்தில் வைத்து வழியுங்கள். வாட்டத்துக்கு எதிராக வழிப்பதை ஒரு மாதம் போனபிறகு யோசிக்கலாம். உங்களுக்குச் சுருள் முடி என்றால் யோசிக்காமலே விட்டுவிடுங்கள். எதிராக, மிக ஒட்ட வெட்டிய சுருள் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளரும், அதுதான் கழுத்தில் வருகிற அந்தச் சின்னச் சின்னக் கட்டிகள். பல பிளேட் காட்ரிட்ஜ் பாவிப்பவர்களுக்கு இது கூடுதலாக வருவதற்கும் காரணம் உண்டு: முதல் பிளேட் முடியை இழுத்துக்கொடுக்க, அடுத்தது அதைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுகிறது. கட்டி பழுத்து வலித்தால் வழிப்பதை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை வழித்த இடத்தை மறுபடி வழிக்கப் போனால் மறுபடி நுரை பூசுங்கள். வெறும் தோலில் "இந்த ஒரு இடம் மட்டும்" என்று இழுப்பதில்தான் அரைவாசி எரிச்சல் வருகிறது.

நுரையைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் இது எங்கள் கரைக்கே உரிய பிரச்சினை. கடலுக்கும் களப்புக்கும் இடையில் இருக்கிற ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் சவர். சவர்த் தண்ணீரில் இரண்டு குணம் இருக்கலாம். கல்சியம், மக்னீசியம் இருந்தால் அது சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும், வாளி விளிம்பில் பிடிக்கிற அந்தக் கறைதான். உப்பு இருந்தால் சவர்க்காரம் தண்ணீரில் சரியாகக் கரையாமல் பிரிந்து நிற்கும். பழைய சவர்க்காரக் கொட்டில்களில் உப்புப் போட்டுத்தான் சவர்க்காரத்தைப் பிரித்தெடுப்பார்கள். நீங்கள் முகத்தில் அதையே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

மருந்து லேசானது. வழிக்க வேண்டிய தண்ணீர் ஒரு கோப்பைதான். குடிக்கிற குழாய்த் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். மட்டக்களப்பு டவுனில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு என் நுரையே வேறு நுரையாகிவிட்டது. மாரியில் கூரைத் தண்ணீர் பிடிப்பவர் என்றால் இன்னும் விசேஷம், மழைத் தண்ணீரைப் போல நுரை எழுப்பும் தண்ணீர் கிடையாது. முகம் கழுவுவதெல்லாம் கிணற்றில் கழுவலாம், பிரஷ் நனைப்பதற்கு மட்டும் அந்தக் கோப்பை.

குளிக்கிற சவர்க்காரத்தைப் பிரஷில் தேய்த்து வழிப்பது எங்கள் வீடுகளில் உள்ள பழக்கம்தான். விட்டுவிடுங்கள். சேவிங் கிறீமிலும் சேவிங் சவர்க்காரத்திலும் பொற்றாசியச் சவர்க்காரம் சேர்ந்திருக்கும், அது கூடுதலாகக் கரையும், நுரையும் கெதியில் காயாது. டின்னிலிருந்து பிசுக்கென்று வருகிற ஸ்ப்ரே நுரை பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே காற்றுத்தான். ரியூப் கிறீம், அவரைக்கொட்டை அளவு, நனைத்து உதறிய பிரஷ். முகத்திலேயே வட்டமாகச் சுழற்றுங்கள். இடையில் பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுங்கள். முதலில் பசை மாதிரி இருக்கும், பிறகு குமிழாக வரும், இன்னும் சுழற்றினால் குமிழ் மறைந்து மினுங்கத் தொடங்கும். எருமைத் தயிரைக் கரண்டியால் அடித்தால் எப்படி வருமோ அந்தப் பதம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர்ப் பதத்தில் இருந்தால் தண்ணீர் போதாது, பிளேட் அடைத்துக்கொள்ளும். மோர் மாதிரி ஓடினால் கூடிவிட்டது.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு கவனம். முகம் முழுக்கப் பூசிவிட்டு ஒரு கன்னத்தை வழித்து முடிப்பதற்குள் மற்றக் கன்னத்தில் நுரை காய்ந்து பொருக்காகிவிடும். யன்னலைச் சாத்துங்கள், அல்லது அரைவாசி முகத்துக்கு மட்டும் பூசுங்கள். குளித்த கையோடு வழிப்பது எந்தக் காலத்திலும் நல்லது. காய்ந்த முடியைவிடத் தண்ணீர் குடித்த முடியை வெட்ட மிகக் குறைந்த பலம் போதும், அதற்குச் சில நிமிடம் ஈரத்தில் ஊற வேண்டும். கிணற்றடியில் பத்து வாளி அள்ளி ஊற்றியவனுக்கு அது தானாகவே கிடைத்துவிடுகிறது.

பிரஷ் வாங்கப் போனால் செயற்கை நார் பிரஷ் வாங்குங்கள். பன்றி மயிர், பட்ஜர் என்ற விலங்கின் மயிர் என்று வெளிநாட்டுக்காரர் புளகித்து எழுதுவார்கள். எங்கள் புழுக்கத்துக்கு அவை காய நேரம் எடுக்கும், மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். தவிர, பன்றி மயிர் முகத்தில் படக் கூடாத வீடுகள் எங்கள் மாவட்டங்களில் நிறைய. செயற்கை நார் உதறினால் காய்ந்துவிடும்.

பிளேட். எந்த பிளேட் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். இரு பக்கக் கூர் பிளேட் எந்தக் கம்பனியுடையதானாலும் உங்கள் றேசரில் பொருந்தும், அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் கூரும் பூச்சும் வேறு வேறு. ஜப்பானின் பெதர் கூருக்குப் பெயர் எடுத்தது. பழகிய கைக்கு அருமை, முதல் மாதத்துக்கு வேண்டாம். துருக்கியின் டேர்பி சாதுவான பிளேட் என்பார்கள். இடையில் அஸ்ட்ரா, இந்தியாவிலிருந்து வருகிற ஜில்லெட் 7 ஓ குளொக், சுப்பர்மேக்ஸ் என்று பல உண்டு. கடையில் கிடைக்கிற இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு சின்னப் பெட்டி வாங்குங்கள், விலை பயப்படும்படி இராது. ஒரு வகையைத் தொடங்கினால் இரண்டு கிழமை அதையே பாவியுங்கள். மற்றவர் முகத்துக்கு வெண்ணெயாக இருப்பது உங்கள் முகத்துக்கு அரமாக இருக்கலாம். இதில் அனுபவசாலி என்று யாரும் கிடையாது, என்னையும் சேர்த்து.

ஒரு பிளேட் எத்தனை தடவை? என் முகத்துக்கு நான்கு. உங்களுக்கு மூன்றிலிருந்து ஆறுக்குள் எங்கேயோ இருக்கும். இழுபட்டால் தூக்கிப் போடுங்கள். இவ்வளவு கெட்டியான உருக்கை இவ்வளவு மென்மையான முடி எப்படி மழுங்கடிக்கிறது என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். லேத்தில் டூல் தேய்ந்தால் எதிரே இரும்பு இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது? 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் இதற்கு விடை எழுதினார்கள், நிக்கர்சன் படித்த அதே இடம். முடி உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. கூர் மெதுமெதுவாகத் தேய்கிறது என்று நினைத்தது சரியில்லை, அது சின்னச் சின்னதாக உடைகிறது. முடி சாய்ந்து வெட்டுப்படும்போது, உருக்கின் உள்ளமைப்பு சீராக இல்லாத ஒரு புள்ளியில் பட்டால், ஓரம் தெறித்துவிடுகிறது. ஒரு முடி போதும். ஆகவே பிளேட்டைத் துவாயில் துடைக்காதீர்கள், கூரில் விரல் வைத்துப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தை நீங்களே உடைப்பீர்கள். கழுவி உதறினால் போதும்.

மாட்டும் முறையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளேட்டை அதன் கூரில்லாத குறுகிய முனைகளில் பிடியுங்கள். தொப்பியைக் கவிழ்த்து வைத்து, பிளேட்டை வைத்து, அடித்தட்டை வைத்து, கைப்பிடியைத் திருகுங்கள். இறுதித் திருகலின்போது தலையை இரு முனையிலும் மெதுவாக அமத்திப் பிடித்தால் பிளேட் நேராக உட்காரும். பிறகு மேலே இருந்து பாருங்கள்: இரு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். நிறைய இறுக்காதீர்கள். உங்கள் றேசரின் தலை நாகம் (துத்தநாகம்) கலந்த வார்ப்பு, மேலே குரோமியப் பூச்சு. பித்தளையைப் போல அது வளைந்துகொடுக்காது. மிஞ்சித் திருகினாலோ, சீமெந்து நிலத்தில் விழுத்தினாலோ தொப்பியின் திருகாணி முறிந்துவிடும். அப்படி முறிந்தவை என் பட்டறைக்கும் வந்திருக்கின்றன. ஒட்ட முடியாது.

நான் முதலில் வாங்கியது நடைபாதையில் விற்ற பெயர் தெரியாத ஒன்று. ஒரு பக்கத்தால் வழித்தால் பட்டு, மறு பக்கத்தால் வழித்தால் இரத்தம். இரண்டு மாதம் என் இடது கையைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பட்டறையில் பொழுது போகாமல் இடைவெளி அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு மடங்கு இடைவெளி. அடித்தட்டே கோணல். இரண்டு மாதமும் பிளேட்டை மாற்றினேன், சவர்க்காரத்தை மாற்றினேன், லோஷனை மாற்றினேன், ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆர் 89 அந்த வகையில் நம்பக்கூடியது. இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் கம்பனியின் றேசரிலும் கிட்டத்தட்ட அதே தலை வடிவம்தான். தொடங்குபவருக்குச் சாதுவான தலை அது. அதே கம்பனியின் ஆர் 41ஐ அத்தான் வாங்கி வந்திருந்தால் வெட்டு மூன்றோடு நின்றிராது.

வெட்டுக்கு லோஷன் வேண்டாம், அதில் இருப்பது அற்ககோல். சீனாக்காரக் கட்டி ஒன்று வாங்கி வையுங்கள், சலூன்காரர் முகத்தில் தேய்ப்பாரே, அதுதான். குளிர்ந்த தண்ணீரால் கழுவிய முகத்தில் நனைத்துத் தடவி, அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சின்ன வெட்டு நின்றுவிடும். அதைவிட ஒரு பிரயோசனம், சீனாக்காரம் எங்கே கடிக்கிறதோ அங்கே நீங்கள் அமத்தியிருக்கிறீர்கள். அடுத்த தடவை அந்த இடத்தில் கையை இலேசாக்குங்கள். ஒரு மாதத்தில் எதுவும் கடிக்காத ஒரு காலை வரும்.

கடற்காற்றுக்கு வீட்டுக் கேற் பூட்டே கறள் பிடிக்கிற ஊர் எங்களுடையது. குரோமியப் பூச்சில் ஊசிமுனைத் துளை விழுந்தால் உள்ளே நாகம் வெள்ளை மாவாகப் பூக்கத் தொடங்கும். வழித்து முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உதறி, நிமிர்த்தி வையுங்கள். குளியலறையில் பூட்டிய பெட்டிக்குள் வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை கழற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். சவர்த் தண்ணீர் உள்ளே காய விடாதீர்கள்.

கழித்த பிளேட்டுக்கு ஒரு மீன் டின்னோ பால்மா டின்னோ எடுத்து, மூடியில் கோடாக ஒரு வெட்டுப் போட்டு, மூடியை ஒட்டிவிடுங்கள். என்னுடையது ஆறு வருடமாக நிறையவில்லை. குப்பைப் பையில் போட்டால் கிளறுகிற மாட்டுக்கும், எடுக்கிற மனிசருக்கும் கேடு. முந்தி அமெரிக்காவில் குளியலறை அலுமாரியின் பின்பக்கம் ஒரு கீறல் துளை வைத்து, பிளேட்டுகளைச் சுவருக்குள்ளேயே விழ விட்டார்களாம். இப்போது பழைய வீடு உடைக்கிறவர்கள் சுவருக்குள்ளிருந்து கறள் பிளேட்டுகளைக் குவியலாக அள்ளுகிறார்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் பிளேட்டைப் பங்குபோடாதீர்கள், ஈரல் அழற்சி பி, சி போன்றவை இரத்தத்தால் தொற்றும். சலூனில் அரை பிளேட்டை உங்கள் கண்ணுக்கு முன் முறித்துப் போடச் சொல்வதும் அதற்காகத்தான்.

கதிர்காமப் பாதயாத்திரை போய்விட்டு இரண்டு மாதத் தாடியோடு வந்து நேரே இந்த றேசரை எடுக்காதீர்கள். நீண்ட முடி தலைக்குள் அடைத்து, வெட்டாமல் பிடுங்கும். முதலில் கத்தரிக்கோலாலோ ட்ரிமராலோ குட்டையாக்கிவிட்டுப் பிறகு வழியுங்கள். காரைதீவு வழியாகத்தானே யாத்திரைக்காரர் போகிறார்கள், யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள்.

செவ்வாய், வெள்ளிக் கணக்கு. சாஸ்திரம் எனக்குத் தெரியாது, என் அம்மாவும் விடமாட்டார். ஆனால் திங்கள், வியாழன், சனி என்று வழித்தால் இடையில் தோலுக்கு ஓய்வு கிடைக்கும். கை பழகும்வரை உங்கள் கழுத்துக்கு வேண்டியதும் அதுதான். அம்மாவோடு இந்த விஷயத்தில் வாதாடாதீர்கள் தம்பி. இந்த வெள்ளிக்கிழமை விரலால் தடவிக் கழுத்து முடியின் வாட்டத்தைப் பாருங்கள், சனிக்கிழமை கன்னத்தை மட்டும் வழியுங்கள்.